வைக்கிங் பெண்டிரின் ஊக்குப் பதக்கங்கள்: மண் சொல்லும் சாட்சியம்

 

ஹிஜ்ரி 309ஆம் ஆண்டு ஸஃபர் மாதத்தில், அதாவது கி.பி. 921 ஜூன் திங்களில், பக்தாது மாநகரிலிருந்து ஒரு தூதுக்குழு வடதிசை நோக்கிப் புறப்பட்டது. அப்பாசியக் கலீபா அல்முக்ததிர் பில்லாஹ் அனுப்பிய குழு அது. வால்கா ஆற்றின் கரையில் வாழ்ந்த பல்கார் மக்களின் அரசர் அல்மிஷ், தம் மக்களுக்கு மார்க்கம் கற்பிக்க அறிஞர்களையும், பள்ளிவாசல் கட்டவும் பகைவரிடமிருந்து காத்துக்கொள்ளக் கோட்டை எழுப்பவும் பொருளுதவியையும் கலீபாவிடம் வேண்டியிருந்தார். கலீபாவின் மடலை அரசவையில் வாசிக்கும் பொறுப்பும், உடன் சென்ற மார்க்க அறிஞர்களை மேற்பார்வையிடும் பொறுப்பும் பெற்றுச் சென்றவர் அஹ்மது இப்னு ஃபள்லான். பாலையையும் பனியையும் கடந்து 922 மே மாதத்தில் அக்குழு பல்கார் நாட்டை அடைந்தது.

அங்கே நிகழ்ந்த ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. அரசரின் முஅத்தின் இகாமத்தின் வாசகங்களை இரண்டிரண்டு முறை சொல்லிவந்தார். கலீபாவின் அரண்மனையில் ஒவ்வொரு முறையே சொல்லப்படுகிறது என்று கூறி இப்னு ஃபள்லான் அதை மாற்றச் செய்தார். பிறகு, கோட்டைக்கென வரவேண்டிய பணம் வந்து சேரவில்லை என்று அரசர் சினங்கொண்டபோது இகாமத் மீண்டும் இரண்டிரண்டாயிற்று. ஷாஃபிஈ மத்ஹபினரும் ஹனஃபி மத்ஹபினரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழக் கண்ட நமக்கு இச்செய்தி புன்னகையை வரவழைக்கும்.

அதே வால்கா கரையில் வணிகத்திற்காக வந்து இறங்கியிருந்த வேறொரு கூட்டத்தாரையும் இப்னு ஃபள்லான் கண்டார். அவர்களை அவர் 'ரூஸிய்யா' என்று குறிப்பிடுகிறார். இன்றைய சுவீடன் முதலிய வட நாடுகளிலிருந்து ஆறுகளின் வழியே கிழக்கே வந்து தங்கிய வைக்கிங் மரபினர் அவர்கள் என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. பேரீச்ச மரம் போன்ற அவர்களது உயரத்தை வியந்து எழுதிய அவர், அவர்களிடம் தூய்மை இல்லாததைக் கண்டு அருவருத்தும் எழுதியிருக்கிறார். அவர்களுடைய பெண்களைப் பற்றி எழுதும்போது ஒரு நுட்பமான செய்தியைத் தருகிறார். ஒவ்வொரு பெண்ணின் மார்பின் மேலும் இரும்பு, செம்பு, வெள்ளி அல்லது பொன்னால் ஆன சிமிழ் போன்ற ஒன்று பொருத்தப்பட்டிருந்தது; கணவனின் செல்வ நிலைக்கேற்ப உலோகம் அமைந்தது; அச்சிமிழில் ஒரு வளையமும், வளையத்தில் ஒரு கத்தியும் தொங்கின. கணவனிடம் 10,000 திர்ஹம் சேர்ந்தால் மனைவிக்குக் கழுத்து வளையம் ஒன்று, 20,000 சேர்ந்தால் இரண்டு என்றும் எழுதுகிறார்.

இப்பயண நூலின் சில பகுதிகள் யாகூத் அல்ஹமவீயின் புவியியல் அகராதியில் எடுத்தாளப்பட்டிருந்தமையால் அறிஞர்களுக்கு முன்பே தெரிந்திருந்தன. விரிவான கையெழுத்துப் பிரதி 1923ஆம் ஆண்டில்தான் ஈரானின் மஷ்ஹது நகர நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. ஆனால் அவர் கண்ட அந்தச் 'சிமிழ்கள்' ஐரோப்பாவின் மண்ணுக்குள்ளிருந்து அதற்கு முன்பும் பின்பும் வெளிப்பட்டவாறே இருந்தன. ஏட்டின் சாட்சியும் மண்ணின் சாட்சியும் ஒன்றையொன்று சந்தித்த கதையே இக்கட்டுரை.

இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. வைக்கிங்குகள் முஸ்லிம்களாக இருந்தார்கள், அவர்களின் ஆடையிலும் அணியிலும் அல்லாஹ்வின் திருநாமம் இருந்தது என்றொரு செய்தி கைப்பேசி வழியே நம் இளைஞர்களிடையே உலவி வருகிறது. அது உண்மையா என்று ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் கேட்டவர்கள் பலர். ஒரு வரியில் விடை கூறிவிடலாம். ஆயினும் அந்த அணிகள் யாவை, அவை எவ்வாறு கிடைத்தன, எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்று அறிந்துகொண்டு விடை காண்பதே நன்று.

கி.பி. 8ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தை வைக்கிங் காலம் என்பர். 793ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவிலிருந்த கிறித்தவ மடாலயம் கொள்ளையிடப்பட்டதிலிருந்து ஐரோப்பிய ஏடுகள் அவர்களைக் கொள்ளையர்களாகவே காட்டின. அவ்வேடுகளை எழுதியவர்கள் கொள்ளைக்கு ஆளான துறவிகள். வாளேந்தி வந்த ஆண்களை அவர்கள் எழுதினர். அவர்களுடன் பெண்கள் வந்தார்களா, குடியமர்ந்தார்களா, என்ன உடுத்தினார்கள் என்பது அவ்வேடுகளில் அருமையாகவே காணப்படுகிறது.

அக்காலத்தில் பொத்தான் வைத்துத் தைக்கும் வழக்கம் அம்மக்களிடம் பரவியிருக்கவில்லை. ஆடையை இணைத்து நிறுத்த, பின்புறம் ஊசியும் கொக்கியும் உள்ள உலோகப் பதக்கங்களைக் குத்திக்கொண்டனர். ஆங்கிலத்தில் 'ப்ரூச்' எனப்படும் இதனை ஊக்குப் பதக்கம் எனலாம். வட நாட்டுப் பெண்கள் உள்ளங்கியின் மேல் தோள்வார் வைத்த மேலங்கி ஒன்றை உடுத்தினர். இரு தோள்வார்களையும் முன்புறத்தில் இணைக்க நீள்வட்ட வடிவப் பதக்கங்கள் இரண்டு சோடியாகத் தேவைப்பட்டன. ஆமையின் ஓடு போல மேற்புறம் குவிந்து, உட்புறம் குழிந்து, பெரும்பாலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ளவை இவை. இரண்டுக்கும் இடையே கண்ணாடி மணிச்சரங்கள் தொங்கும். சாவியோ கத்தியோ ஊசிக்கூடோ ஒன்றிலிருந்து தொங்கவிடப்படும். இப்னு ஃபள்லான் கண்ட சிமிழும் வளையமும் கத்தியும் இவையே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ரஷ்யாவின் க்னெஸ்தோவோ போன்ற பழைய வணிகக் குடியிருப்புகளின் கல்லறைகளில் இதே வடிவப் பதக்கங்கள் கிடைத்திருப்பது இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

இவற்றைச் செய்த விதமும் தெரிய வந்திருக்கிறது. டென்மார்க்கின் ரீபெ நகரிலும் சுவீடனின் பிர்கா தீவிலும் நடந்த அகழாய்வுகளில், உடைந்த களிமண் வார்ப்பு அச்சுகள் பெருமளவில் வெளிவந்தன. மாதிரிப் பதக்கம் ஒன்றைக் களிமண்ணில் அழுத்தி அச்செடுத்து, செம்புக் கலவையை உருக்கி ஊற்றுவர். ஆறியபின் அச்சை உடைத்தால்தான் பதக்கம் வெளிப்படும். ஆகவே ஓர் அச்சில் ஒரே வார்ப்புத்தான். ஆனால் வார்த்த பதக்கத்தையே மாதிரியாக வைத்து மறு அச்சு எடுக்க இயலும். அவ்வாறு படியின் படியாகப் பெருகியதால் ஒரே கோலம் நார்வே முதல் ரஷ்யா வரை பரவியது. மெல்லிய குழிவான வடிவம் வருவதற்காக அச்சின் உட்புறம் துணியை இட்டனர். அத்துணியின் நெசவுத் தடம் பல பதக்கங்களின் உட்புறத்தில் இன்றும் தெரிகிறது.

துணியைப் பற்றி மற்றொன்றும் கூற வேண்டும். புதைகுழியில் ஆடை மக்கி அழிந்துவிடும். ஆனால் செம்பு துருப்பிடித்து உண்டாகும் பச்சைக் களிம்பு, தன்னைத் தொட்டிருக்கும் நூலிழைகளை மக்காமல் காத்துவிடுகிறது. பதக்கத்தின் ஊசியில் சிக்கிய லினன் கண்ணிகளும் கம்பளி மடிப்புகளும் இவ்வாறே தப்பிப் பிழைத்தன. வைக்கிங் பெண்கள் எவ்வாறு உடுத்தினர் என்று இன்று கூறப்படுவதில் பெரும்பகுதி, கட்டைவிரல் அகலத் துணித்துண்டுகளிலிருந்து பெறப்பட்டதே.

கோலங்களைக் கண்டால் அவை வந்த வழி தெரியும். மூவிதழ்ப் பதக்கம் என்ற வகையை எடுத்துக்கொள்வோம். பிராங்கிய நாட்டுப் போர்வீரர்களின் வாள் வாரில் மூன்று வார்கள் கூடுமிடத்தில் பொருத்தப்பட்ட உலோகத் துண்டே அதன் மூலம். கொள்ளையாகவோ கப்பமாகவோ அது வடக்கே வந்து சேர்ந்தது. பின்புறம் ஊசி பொருத்தி அதைப் பெண்கள் அணிந்தனர். பின்னர் உள்ளூர்க் கொல்லர்கள் அவ்வடிவத்திலேயே பதக்கம் வார்க்கத் தொடங்கினர். நார்வேயின் பெண் கல்லறைகளிலோ, அயர்லாந்துத் தேவாலயப் பொருள்களிலிருந்து பெயர்த்தெடுத்த பொன்முலாத் தகடுகள் பதக்கமாக மாற்றப்பட்டுக் கிடைத்துள்ளன. ஒருத்தியின் மார்பில் மின்னிய அணி, இன்னொரு நாட்டாரின் வழிபாட்டுத் தலம் சூறையாடப்பட்டதற்குச் சான்றாக நிற்கிறது.

தொடக்கத்தில் இப்பதக்கங்களைத் தேடிக் கண்டவர்கள் தொல்லியல் அறிஞர்களே. ஹியால்மர் ஸ்டோல்பெ என்ற சுவீடன் நாட்டவர் 1870களில் தொடங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் பிர்காவில் அகழ்ந்து, சுமார் 1,100 கல்லறைகளை ஆராய்ந்தார். ஒவ்வொரு கல்லறையிலும் எந்தப் பொருள் எவ்விடத்தில் கிடந்தது என்று வரைபடமாகக் குறித்துவைத்தார். பதக்கம் தோளருகே சோடியாகக் கிடந்தது, மணிகள் அவற்றிடையே சிதறியிருந்தன என்ற விவரங்கள் அக்குறிப்புகளிலிருந்தே கிட்டின. பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு இடத்தைக் குறிக்காமல் விட்டிருந்தால், அவை யாவும் பொருட்காட்சியின் அழகுப் பொருள்களாகவே நின்றிருக்கும்.

இங்கிலாந்தில் கதை வேறு விதமாக நடந்தது. அங்கே இத்தகைய கல்லறைகள் மிகக் குறைவு. ஆதலால் வைக்கிங் படையினரான ஆண்கள் மட்டுமே வந்தனர், உள்நாட்டுப் பெண்களை மணந்து கலந்துவிட்டனர், அவர்கள் நாட்டுப் பெண்கள் அதிகம் வரவில்லை என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1970களுக்குப் பின் மெட்டல் டிடெக்டர் என்னும் கருவியுடன் பொதுமக்கள் உழுத வயல்களில் பழம்பொருள் தேடும் பழக்கம் அந்நாட்டில் பரவியது. தொல்லியலாருக்கும் அவர்களுக்கும் முதலில் பகையே. பின்னர் 1997ஆம் ஆண்டில், கண்டெடுத்த பொருளைக் கொண்டுவந்து காட்டினால் பதிவு செய்து திருப்பித் தரும் ஏற்பாடு ஒன்று தொடங்கப்பட்டது. 'போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்' என்பது அதன் பெயர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் மேற்பார்வையில் நடக்கும் அப்பதிவேட்டில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் ஏறியுள்ளன.

அவற்றினூடே வைக்கிங் பாணிப் பதக்கங்கள் நூற்றுக்கணக்கில் வந்து சேர்ந்தன. ஜேன் கெர்ஷா என்ற பெண் ஆய்வாளர் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். முகப்புக் கோலத்தை மட்டும் பாராமல், பின்புறத்தைத் திருப்பிப் பார்த்ததே அவர் ஆய்வின் சிறப்பு. வட நாட்டில் வார்த்த வட்டப் பதக்கங்கள் பெரும்பாலும் குவிந்தவை. ஊசி பொருத்தும் இடத்தில் இரட்டைத் தாங்கிகளும், சங்கிலி மாட்ட ஒரு தனிக் கண்ணியும் உண்டு. ஆங்கிலேயப் பதக்கங்களோ தட்டையானவை. ஒற்றைத் தாங்கியே இருக்கும். சங்கிலிக் கண்ணி இராது. இருவகையும் இங்கிலாந்தின் வயல்களில், குறிப்பாக நார்ஃபோக், லிங்கன்ஷயர் பகுதிகளில் கிடைத்தன. அத்துடன் முகப்பில் வட நாட்டுக் கோலமும் பின்புறத்தில் ஆங்கிலேய ஊசியமைப்பும் கொண்ட மூன்றாவது வகையும் ஏராளமாகக் கிடைத்தது.

இதன் பொருள் என்ன? வட நாட்டு ஊசியமைப்புள்ள பதக்கங்கள் பல, பெண்களின் ஆடையில் குத்தப்பட்டே கடல் கடந்து வந்திருக்க வேண்டும். கலப்பு வகைப் பதக்கங்களோ, அப்பெண்களும் அவர்தம் மக்களும் புதிய நாட்டின் உடைக்கு மாறிய பின்பும் தாய்நாட்டுக் கோலத்தைக் கைவிட மனமில்லாதிருந்ததைக் காட்டுகின்றன. எழுதப்பட்ட வரலாறு மறந்துபோன பெண்களை, உழவுச்சாலில் கிடந்த விரலளவுச் செம்புத் துண்டுகள் மீட்டுத் தந்தன. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 1996ஆம் ஆண்டின் ஆங்கிலேயப் புதையல் சட்டம் முதன்மையாகப் பொன், வெள்ளிப் பொருள்களையே கருதி இயற்றப்பட்டது. தனியே கிடைக்கும் செம்புப் பதக்கத்தைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று எவரும் கட்டாயப்படுத்தவில்லை. மேற்கூறிய நூல், பெரும்பாலும் கண்டவர்களின் நேர்மையினால் எழுந்த நூலாகும்.

நேர்மைக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2004ஆம் ஆண்டு வசந்த காலத்தில், இங்கிலாந்தின் வடமேற்கே கம்ப்ரியா மாவட்டத்துக் கம்விட்டன் என்ற சிற்றூர் வயலில் ஒருவர் நீள்வட்டப் பதக்கம் ஒன்றைக் கண்டார். அதை விற்கவில்லை, முறைப்படி தெரிவித்தார். அதன் சோடியும் அருகே கிடைத்தது. தொல்லியலார் வந்து அகழ்ந்தபோது 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆறு கல்லறைகள் வெளிப்பட்டன. இரண்டு பெண்களுடையவை, நான்கு ஆண்களுடையவை என்று உடன்வைத்த பொருள்களைக் கொண்டு முடிவு செய்தனர். அம்மண்ணின் புளிப்புத் தன்மையால் எலும்புகள் கரைந்துபோயிருந்தன. வாள்கள், குதிமுட்கள், கருங்கல் போன்ற ஜெட் வளையல், நெசவுக் கருவிகள் இருந்த மரப்பெட்டியின் தடம் ஆகியவை எஞ்சியிருந்தன. மனித உடல் முற்றிலும் அழிந்த இடத்தில் பதக்கமே அங்கொரு பெண் அடக்கப்பட்டிருந்ததற்குச் சாட்சி.

எதிர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2015ஆம் ஆண்டில் லெம்ஸ்டர் நகரருகே இருவர் வைக்கிங் காலப் புதையல் ஒன்றைக் கண்டனர். பொன் அணிகளும், சுமார் 300 எனக் கணிக்கப்படும் வெள்ளிக் காசுகளும் அதில் இருந்தன. நிலத்துக்குரியவருக்கும் சொல்லாமல், அரசுக்கும் தெரிவிக்காமல் பிரித்து விற்றனர். 2019ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவர்களுக்கு நீண்ட சிறைத்தண்டனை விதித்தது. காசுகளில் பெரும்பகுதி அப்போது மீளவில்லை. மீண்ட சிலவற்றிலிருந்தே ஆல்ஃபிரட் மன்னரும் மெர்சியா நாட்டு மன்னரும் நட்புக் கொண்டிருந்தது விளங்கியது எனில், இழந்தவற்றோடு எவ்வளவு போயிற்றோ! சட்டப்படி தெரிவித்திருந்தால், நிலத்துக்குரியவரும் கண்டவர்களும் வெகுமதியைப் பங்கிட்டுப் பெற்றிருப்பர்.

நம் ஃபிக்ஹு நூல்களில் இவ்விரு நிலைகளுக்கும் தனித்தனிப் பாடம் உண்டு. வழியில் கண்டெடுத்த பொருள் 'லுகத்தா'. இஸ்லாத்திற்கு முற்பட்ட காலத்தவர் புதைத்த செல்வம் 'ரிகாஸ்'. பின்னதில் ஐந்தில் ஒரு பங்கு கொடுக்கப்பட வேண்டும் என்பது ஹதீஸின் வழியே நிலைபெற்ற சட்டம். பொன்னுக்கும் வெள்ளிக்கும் மட்டுமே அது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து. புதைந்த மற்றப் பொருள்களிலும் உண்டு என்பது ஹனஃபி மத்ஹபு. லுகத்தாவைப் பற்றி அண்ணலார் (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டபோது, அதன் பையையும் கட்டிய கயிற்றையும் நன்கு அறிந்துவைத்துக்கொண்டு, ஓராண்டு அறிவிப்புச் செய்யுமாறு பணித்தார்கள். பொருளை மட்டுமன்றி, அது இருந்த நிலையையும் காத்துவைக்கச் சொன்ன அந்த நுட்பத்தை மதரஸாவில் ஓதியபோது நாம் ஆழ்ந்து எண்ணியதில்லை. உரிமை கேட்டு வருபவர் உண்மையானவரா என்பதற்குப் பையும் கயிறுமே சாட்சி. வயலில் கிடந்த பதக்கத்துக்கு அது கிடந்த இடமும் ஆழமும் அருகிலிருந்தவையுமே சாட்சி.

இனி வெள்ளிக்கு வருவோம். நம் முன்னோர் வரலாற்றோடு இப்பதக்கங்களுக்குள்ள மெய்யான தொடர்பு இதில்தான் இருக்கிறது.

வட நாடுகளில் அக்காலத்தில் வெள்ளிச் சுரங்கம் இருந்ததில்லை எனலாம். ஆனால் அவர்களிடம் வெள்ளி குவிந்தது. சுவீடனின் காட்லண்ட் தீவில் ஸ்பில்லிங்ஸ் என்ற பண்ணையில் 1999ஆம் ஆண்டு வெளிப்பட்ட புதையலில் மட்டும் 67 கிலோ வெள்ளி இருந்தது. அதில் 14,000க்கும் மேற்பட்ட நாணயங்கள். ஏறத்தாழ அனைத்தும் இஸ்லாமிய நாடுகளின் திர்ஹம்கள். அப்பாசியரின் அச்சகங்களிலும், 10ஆம் நூற்றாண்டில் மத்திய ஆசியாவின் சாமானிய அரசர்களுடைய அச்சகங்களிலும் வார்த்த காசுகள் வால்கா வழியே வடக்கே சென்றுகொண்டிருந்தன. அவர்கள் அவற்றைக் காசாக எண்ணிக் கொடுத்ததைவிட, எடை போட்டு வெள்ளியாகக் கொடுத்ததே அதிகம். வெட்டித் துண்டாக்கினர், துளையிட்டு மணிச்சரத்தில் கோத்தனர், உருக்கி வளையும் பதக்கமும் செய்தனர். திர்ஹத்தின் முகப்பில் திருக்கலிமா பொறித்திருந்தது. அதைப் படிக்கத் தெரியாதவர்களின் கொல்லுலையில் அது உருகியது.

ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்னித் தீவுகளில், ஸ்கெயில் விரிகுடாவின் கரையில் 1858ஆம் ஆண்டு ஒரு சிறுவன் வெள்ளித் துண்டுகளைக் கண்டான். ஊரார் கூடி எடுத்ததில் 8 கிலோவுக்கு மேல் சேர்ந்தது. 10ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதைக்கப்பட்ட அதில், வளைய வடிவப் பெரும் பதக்கங்களும் இஸ்லாமிய திர்ஹம்களும் ஒன்றாகவே இருந்தன. இவ்வகைப் பதக்கத்தின் முனைகள் முள்நிறைந்த திஸில் பூவின் மொட்டைப் போல உருண்டு புள்ளியிட்டிருக்கும். ஊசி மிக நீளம். பென்ரித் நகரருகே கிடைத்த ஒன்றின் ஊசி ஏறத்தாழ அரை மீட்டர். ஒரு திர்ஹத்தின் எடை சுமார் 3 கிராம் என்று கொண்டால், அரைக் கிலோ எடையுள்ள பதக்கத்திற்கு 160க்கும் மேற்பட்ட திர்ஹம்களின் வெள்ளி வேண்டும். வடக்கு யார்க்ஷயரின் பெடேல் பகுதியில் 2012இல் பொதுமக்கள் கண்டெடுத்த புதையலின் வெள்ளியை அண்மையில் வேதியியல் முறையில் சோதித்த ஆய்வாளர்கள், அதில் ஒரு பகுதி இஸ்லாமிய நாணயங்களை உருக்கிக் கலந்தது என்று கண்டறிந்துள்ளனர்.

இவ்வளவையும் படித்துப் பெருமிதம் கொள்வதற்கு முன், அந்த வெள்ளிக்கு ஈடாகத் தெற்கே வந்தவை எவை என்றும் கேட்க வேண்டும். விலங்குத் தோல், தேன், மெழுகு, வாள் ஆகியவற்றுடன் மனிதர்களும் வந்தனர். ரூஸ் வணிகர்கள் விற்பதற்கென அடிமைப் பெண்களை உடன் வைத்திருந்ததை இப்னு ஃபள்லான் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். பக்தாதின் திர்ஹம் வட நாட்டுப் பெண்ணின் கழுத்து வளையமாக மாறியபோது, அதன் விலையாகக் கைப்பற்றப்பட்ட வேறொரு பெண் சந்தையில் நின்றிருக்கக் கூடும். இதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

இனி, இளைஞர்களின் கேள்வி. 2017 அக்டோபரில் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர், வைக்கிங் கல்லறைகளில் கிடைத்த பட்டு நாடாக்களின் நெசவுக் கோலத்தில், சதுர வடிவக் கூஃபி எழுத்தில் 'அல்லாஹ்' என்றும் 'அலி' என்றும் உள்ளதாக அறிவித்தார். உலகப் பத்திரிகைகள் அதைப் பெரிதாக வெளியிட்டன. நம் கைப்பேசிகளில் உலவும் செய்தி அங்கிருந்து புறப்பட்டதே. சில நாட்களில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கலை வரலாறு கற்பிக்கும் ஸ்டெஃபனி மல்டர் இதனை மறுத்தார். அந்தச் சதுர எழுத்துமுறை பரவியது பல நூற்றாண்டுகளுக்குப் பின்னரே; துணி முடியும் ஓரத்துக்கு அப்பாலும் கோலம் தொடர்ந்ததாகக் கற்பனை செய்துகொண்டால்தான் அச்சொல் வரும்; அப்படிக் கொண்டாலும் எழுத்துகள் திருநாமத்தின் எழுத்துகளாக முறைப்படி அமையவில்லை என்பன அவர் காட்டிய காரணங்கள். அறிவிப்பு பரவிய அளவுக்கு மறுப்பு பரவவில்லை. ஒரு செய்தி வந்தால் தெளிவு செய்துகொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு இட்ட கட்டளை, நமக்கு மகிழ்ச்சி தரும் செய்திக்கும் பொருந்தும்.

அவ்வாறாயின் அரபு எழுத்துள்ள அணி எதுவுமே அங்கில்லையா என்றால், உண்டு. ஸ்டோல்பெ பிர்காவில் அகழ்ந்த பெண் கல்லறை ஒன்றில் வெள்ளி மோதிரம் ஒன்று கிடைத்தது. அப்பெண்ணின் உடையும் பதக்கங்களும் வட நாட்டு முறையிலானவை. மோதிரத்தில் பதித்தது ஊதாக்கல் என்று முன்பு எண்ணினர். 2015இல் வெளிவந்த ஆய்வு, அது வண்ணக் கண்ணாடி என்று காட்டியது. அக்காலத்தில் அங்கே கண்ணாடியும் அரிய பொருளே. அதிலுள்ள கூஃபி எழுத்தை 'அல்லாஹ்வுக்கு' என்னும் பொருள்பட அவ்வாய்வாளர்கள் வாசித்தனர். வெள்ளியில் வார்ப்பின் தடங்கள்கூடத் தேயாதிருந்தமையால், செய்தவரிடமிருந்து அதிகக் கைகள் மாறாமலே அது அப்பெண்ணிடம் சேர்ந்திருக்க வேண்டும் என்றனர். அவள் பயணம் சென்றவளா, மோதிரம் மட்டும் பயணம் செய்ததா என்பதை மோதிரம் கூறவில்லை. அவளது சமயத்தையும் அது கூறவில்லை.

மற்றொன்று ஊக்குப் பதக்கமே. அயர்லாந்தின் தென்கரையில், கார்க் மாவட்டத்துப் பாலிகாட்டன் என்ற ஊரருகே சதுப்பு நிலத்தில் கிடைத்து, 1875ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. பொன்முலாம் பூசிய செம்புக் கலவை. அதன் நடுவே ஒரு கண்ணாடி வில்லை. வில்லையில் கூஃபி எழுத்து. 'பிஸ்மில்லாஹ்' என்றே பலரும் வாசித்தனர். வேறு விதமாக வாசித்தவர்களும் உண்டு. பதக்கத்தின் வடிவமோ சிலுவை. கண்ணாடி செய்தவர் அந்த எழுத்தை அறிந்தவர். பதக்கம் செய்தவருக்கு அது தொலைவிலிருந்து வந்த ஒளிரும் ஒரு கல் மட்டுமே. இவ்விருவருக்கும் இடையே அவ்வில்லை எத்தனை சந்தைகளில், எத்தனை படகுகளில், யார் யாருடைய கைகளில் இருந்தது என்பதற்கு ஏடும் இல்லை, பையும் கயிறும் இல்லை. வல்லாஹு அஃலம்.